ஒரே தலையில் இரண்டு இடி

எங்கள் ஞாயிற்றுக்கிழமை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் ஒருமுறை இரண்டு ட்ரூயிட்கள் (இயற்கையிலிருந்து மந்திரம் எடுப்பவர்கள்) சேர்ந்துவிட்டார்கள். திட்டமிட்டு நடந்ததில்லை. இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் அதே கிளாஸை (பாத்திர வகையை) எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஐந்தாம் லெவல் வந்ததும் இருவருக்கும் ஒரே நாளில் 'கால் லைட்னிங்' என்கிற மின்னல் மந்திரம் கிடைத்தது. அடுத்த சண்டையிலேயே முதல் ட்ரூயிட் மேகத்தை வரவழைத்து ஓக்ர் என்கிற அரக்கன் ஒருவன் தலையில் இடியை இறக்கினான். இரண்டாமவன் முறை வந்தது.

"அண்ணா, நானும் அதையே போடறேன். மேலே ஏற்கெனவே புயல் மேகம் இருக்கே, அப்ப எனக்கு ஒரு பகடை கூடத்தானே?"

விசார்ட் என்கிற மந்திரவாதியாக ஆடுபவன் விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவன். அவன் விடவில்லை. "கூடவா? ஒரே ஸ்பெல் ரெண்டு தடவை சேராதுன்னு போட்டிருக்கு. உன் இடிக்கு டேமேஜே கிடையாது."

ஓக்ருக்காகப் பேச யாரும் இல்லை. ஆட்டத்தை நடத்துகிற டிஎம் நான் என்பதால் தீர்ப்பும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்குப் போய் விதிகளை ஒழுங்காகப் படித்த பிறகு, இரண்டு பேர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் தப்பு இருப்பது தெரிந்தது.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து கொண்டுவந்த மேசை விளையாட்டு. இப்போது பெரும்பாலோர் ஆடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பும் அதன் 2024 திருத்தமும். 3டி10 என்றால் பத்து முகப் பகடை மூன்றை உருட்டிக் கூட்ட வேண்டும் என்று பொருள், சராசரியாக 16.5 வரும். கால் லைட்னிங் மந்திரத்தில் மேலே ஒரு புயல் மேகம் உருவாகும். ட்ரூயிட் ஒரு புள்ளியைக் காட்டினால் அதிலிருந்து ஐந்தடிக்குள் நிற்கிற எல்லோருக்கும் 3டி10 அடி. சேவிங் த்ரோ, சுருக்கமாக சேவ், எனப்படும் தப்பிக்கும் பகடையில் தேறினால் பாதி. மேகம் பத்து நிமிடம் வரை நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் தன் முக்கியச் செயலான ஓர் ஆக்‌ஷன் செலவழித்து இன்னொரு இடி இறக்கலாம்.

"இடி" என்று எழுதுகிறேன். தமிழில் தென்னை மரத்தில் விழுவது இடிதான். மின்னல் வெட்டும், இடி விழும். ஐந்தாம் பதிப்பு இதை ஒத்துக்கொள்ளாது. அங்கே மின்னலுக்குத் தனி டேமேஜ் வகை, இடிச் சத்தத்துக்குத் தனி வகை. கால் லைட்னிங் மின்னல் வகையில் சேரும். தண்டர்வேவ், ஷாட்டர் போன்றவை இடி வகை. மின்னலைப் பாதியாக்கும் கவசம் போட்டிருந்தாலும் ஷாட்டரை முழுசாகத்தான் வாங்க வேண்டும். 2000த்திலும் 2003இலும் வந்த மூன்றாம், மூன்றரைப் பதிப்புகளில் இதே இரண்டுக்கும் மின்சாரம், ஒலி என்று பெயர். பெயர் மாறியதே தவிர பிரிவு மாறவில்லை. நான் மட்டும் கட்டுரை முழுக்க நம் ஊர் வழக்கப்படி இடி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நனைந்தவனுக்கு ஷாக் அடிக்காது

புதிதாக வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியதாகத்தான் இருக்கும். எதிரி குளத்தில் நிற்கிறான், மழை பெய்கிறது, மேலே இரும்புக் கவசம் வேறு. இரண்டு மின்சார மந்திரம் ஒன்றாக விழுந்தால் கரண்ட் பரவாதா, கூடாதா?

விதிப்படி ஒன்றும் ஆகாது. ஐந்தாம் பதிப்பில் தண்ணீருக்குள் இருப்பவருக்கு நெருப்பு அடி பாதியாகும்; மின்னலைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை கிடையாது. இந்தக் கேள்வி அதிகமானதற்கு ஒரு காரணம் 2023இல் லாரியன் ஸ்டுடியோஸ் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டு என்று நினைக்கிறேன். அதில் நனைந்த நிலை என்று ஒன்று உண்டு. நனைந்தவனுக்கு மின்னலும் குளிரும் இரண்டு மடங்காக அடிக்கும். தண்ணீர் வரவழைக்கும் சாதாரண மந்திரத்தை முதலில் ஊற்றிவிட்டு, பிறகு மின்னல் அடிப்பதுதான் அதில் எல்லோரும் கற்றுக்கொள்ளும் வித்தை. கணினியில் பழகிவிட்டு மேசைக்கு வருகிறவர்கள் அதே பலனை இங்கேயும் எதிர்பார்க்கிறார்கள். புத்தகத்தில் அது இல்லை.

மூன்றரைப் பதிப்பு கொஞ்சம் இறங்கி வந்தது. ஷாக்கிங் கிராஸ்ப் என்கிற தொட்டு ஷாக் கொடுக்கும் மந்திரத்துக்கு, எதிரி இரும்புக் கவசம் போட்டிருந்தால் தாக்கும் பகடையில் 3 கூடும். அந்தப் பதிப்பின் கால் லைட்னிங் கட்டடத்துக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் வேலை செய்யும், தண்ணீருக்கடியில் செய்யாது. இப்படி ஒரு மந்திரத்தின் விளக்கத்திலேயே எழுதியிருந்தால் சரி. எழுதாத இயற்பியலை நாமாகக் கொண்டுவரக் கூடாது. "மின்னல்" என்பது அடியின் மேல் ஒட்டிய சீட்டு. பாதியாக்குபவன் யார், விழுங்கிவிடுபவன் யார் என்று பார்க்க மட்டும்தான் அந்தச் சீட்டு பயன்படுகிறது. இரண்டு மந்திரங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழும்போது என்ன நடக்கும் என்று பார்க்க அது உதவாது.

அதற்கு உதவுவது வேறு இரண்டு கேள்விகள். நடந்து முடிந்துவிடும் மந்திரமா, நின்று நீடிக்கும் மந்திரமா? ஒரே பெயரா, வேறு பெயரா?

வேறு பெயர் என்றால் சிக்கலே இல்லை. விட்ச் போல்ட் என்கிற மின்னல் மந்திரம் கட்டிய எதிரியை இன்னொருவன் ஷாக்கிங் கிராஸ்பால் தொட்டால் இரண்டும் சேரும். ஒரே பெயர் என்றால்தான் விதி குறுக்கே வருகிறது: ஒரே மந்திரத்தைப் பல முறை போட்டாலும் காலம் ஒன்றன் மேல் ஒன்று வரும்வரை வலுவானது ஒன்று மட்டும் வேலை செய்யும். விதிப் புத்தகம் காட்டும் உதாரணம் பிளெஸ் என்கிற ஆசீர்வாத மந்திரம். இரண்டு கிளெரிக்குகள் (தெய்வ அருளால் மந்திரம் போடுபவர்கள்) ஒருவனையே ஆசீர்வதித்தாலும் அவனுக்குக் கூடுதல் பகடை ஒன்றுதான். டிஎம் புத்தகத்தின் திருத்தத்தில் இதை மந்திரத்தோடு நிறுத்தாமல் எல்லாத் திறன்களுக்கும் விரித்தார்கள். நெருப்புப் பூதம் தொட்டுப் பற்றிக்கொண்டவனை அதே பூதம் மறுபடி தொட்டால் தீ இரட்டிப்பாக எரியாது.

விசார்ட் ஆடுபவன் பிடித்துக்கொண்டது இந்த விதியைத்தான். "காலம் ஒன்றன் மேல் ஒன்று வரும்வரை" என்கிற பகுதியைத் தாண்டிப் போய்விட்டான். மின்னலை நேர்கோட்டில் பாய்ச்சும் லைட்னிங் போல்ட் மந்திரத்துக்குக் காலமே கிடையாது. அடித்த கணத்தில் முடிந்தது. நூறடி நீளம், ஐந்தடி அகலம், 8டி6. இரண்டு விசார்ட்கள் ஒரே வரிசையில் அடுத்தடுத்து அடித்தால் சராசரி 28, இன்னொரு 28, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சேவிங் த்ரோ. முதல் மின்னல் முடிந்த பிறகே இரண்டாவது வருகிறது. சேர்வதா கூடாதா என்ற பேச்சுக்கு இடமே இல்லை. மூன்றரைப் பதிப்பு இதை வெளிப்படையாகவே எழுதியிருந்தது: கணத்தில் முடியும் மந்திரங்கள் ஒரே ஆள் மேல் விழுந்தால் கூடிக்கொண்டே போகும். ஐந்தாம் பதிப்பில் அந்த வரி போய்விட்டது. அதை விட்டது எனக்குப் பிடிக்கவில்லை. பாதிச் சண்டைகள் அந்த ஒரு வரி இல்லாததால் வருகிறவை.

மேகம் யாருடையது

கால் லைட்னிங் தொந்தரவானது ஏனென்றால் அது இரண்டு வகையாகவும் இருக்கிறது. மேகம் நீடிக்கிறது, இடி கணத்தில் முடிகிறது. இரண்டு மேகங்களும் ஒரே வானத்தில், ஒரே நேரத்தில், ஒரே பெயரில். அப்போது "ஒரே மந்திரம் சேராது" என்பதை எதற்குப் போடுவது?

ஓக்ர் பக்கம் நின்று பாருங்கள். அவன் மேல் இப்போது என்ன விளைவு இருக்கிறது? ஒன்றுமில்லை. மேகம் அவனைப் பலவீனப்படுத்தவில்லை, எரிக்கவில்லை. முதல் இடி விழுந்தது, 17 போனது, முடிந்தது. அடுத்த ட்ரூயிட் தன் முறையில், தன் ஸ்லாட்டை, அதாவது ஒரு மந்திரம் போடும் வாய்ப்பைச் செலவழித்து, தன் ஆக்‌ஷனால் இன்னொன்றை இறக்குகிறான். இரண்டுமே விழும். 59 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) உள்ள 2014 புத்தக ஓக்ர், இரண்டு சுற்றில் நான்கு இடி, சேவ் எதுவும் தேறாவிட்டால் சராசரியாகச் செத்துப்போவான்.

அதனால் இரண்டாம் ட்ரூயிட்டின் இடிக்கு டேமேஜ் உண்டு. கூடுதல் பகடை உண்டா?

வெளியிடத்தில், புயலான வானிலையில் இந்த மந்திரத்தைப் போட்டால் புது மேகம் உருவாகாது. இருக்கிற புயலே உங்கள் கட்டுப்பாட்டுக்கு வந்து அடி 1டி10 கூடும் என்கிறது விளக்கம். முதல் ட்ரூயிட் வரவழைத்ததும் "புயல் மேகம்" என்றே புத்தகம் சொல்வதால் எங்கள் பையன் கேட்டது அபத்தமில்லை. ஆனால் அவன் கேட்டதை ஒத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். இரண்டாமவன் புது மேகம் உருவாக்கவில்லை, முதலாமவனின் மேகத்தைக் கட்டுப்படுத்துகிறான். அப்போது முதலாமவனுக்கு அந்த மேகத்தில் என்ன உரிமை? அவனால் இன்னும் இடி இறக்க முடியுமா? நடுவில் ஓக்ர் தடியால் அடித்து முதலாமவனின் கான்சன்ட்ரேஷன் (மந்திரத்தைப் பிடித்துவைக்கும் கவனம்) கலைந்தால் மேகமும் கலையும். அப்போது இரண்டாமவன் கையில் இருப்பது என்ன, வெறும் வானமா? அவனுடைய மந்திரம் இன்னும் பத்து நிமிடம் ஓடுகிறது, புயலைக் காணோம். இந்த எதற்கும் புத்தகத்தில் பதில் கிடையாது. எழுதியவர்கள் இப்படி ஒரு நிலையை நினைத்து எழுதவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

என் தீர்ப்பு இதுதான்: அறுபதடி ஆரம், பத்தடி தடிமன் உள்ள ஒரு மேகத் தட்டு வானிலை ஆகாது. மழை வேண்டும், காற்று வேண்டும், வானம் முழுக்க இருட்ட வேண்டும். ஆகவே மந்திர மேகத்துக்குக் கூடுதல் பகடை கிடையாது. வேறு டிஎம் வேறு மாதிரி சொன்னாலும் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆட்டத்தின் பாதியில் மாற்றிச் சொல்லாமல் இருந்தால் போதும்.

மந்திரத்தால் வந்த வானிலையே செல்லாது என்று இதற்கு அர்த்தமில்லை. கண்ட்ரோல் வெதர் எட்டாம் நிலை மந்திரம். ஐந்து மைல் ஆரத்துக்கு நிஜமான வானிலையையே மாற்றும்; போடுவதற்கே பத்து நிமிடம் ஆகும், மாற்றம் வந்து சேர 10 முதல் 40 நிமிடம் வரை பிடிக்கும். அதில் கொட்டுகிற மழையின் கீழே நின்று கால் லைட்னிங் போட்டால் கூடுதல் பகடை தாராளமாகக் கிடைக்கும். ஒரு நிபந்தனை: இரண்டுமே கான்சன்ட்ரேஷன் கேட்பவை, ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்துவைக்க முடியும். மழை ஒருவர் வேலை, இடி இன்னொருவர் வேலை. இடி இறக்குபவர் 2014 புத்தகத்தின் டெம்பஸ்ட் கிளெரிக்காக இருந்தால் இன்னும் விசேஷம். பகடையே உருட்டாமல் உச்ச அடியை எடுத்துக்கொள்ளும் வரம் அவருக்கு உண்டு: 4டி10 என்றால் நேராக 40. இந்த மந்திரமும் அவருடைய பட்டியலிலேயே இருக்கிறது. வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரிதான் தோன்றுகிறது.

மூன்றரைப் பதிப்பில் இந்த "புயலான இடம்" எது என்று பட்டியலே உண்டு. மழைத் தூறல், மேகமும் காற்றும், புழுக்கமான மேகமூட்டம், சுழற்காற்று, ஜின்னோ பெரிய காற்றுப் பூதமோ கிளப்பும் சூறைகூடச் சேர்த்தி. அந்தப் பதிப்பில் சாதாரணமாக 3டி6, புயலில் 3டி10. பட்டியலில் இன்னொருவர் போட்ட கால் லைட்னிங் மேகம் இல்லை. எனக்கு அந்தப் பட்டியல் ரொம்பப் பிடிக்கும். புழுக்கமான மேகமூட்டம் என்று போட்டிருப்பதால் சென்னையில் வருடத்துக்குப் பாதி நாள் செல்லும்.

அதற்கும் முந்தைய, 1978இல் வந்த அட்வான்ஸ்டு முதல் பதிப்பில் இந்தப் பிரச்சினை எழவே வழியில்லை. நிஜப் புயல் இருந்தால்தான் மந்திரமே வேலை செய்யும், பத்து நிமிடத்துக்கு ஓர் இடிதான். அடி மட்டும் பயங்கரம். இரண்டு எட்டு முகப் பகடை, அதன்மேல் லெவலுக்கு ஒன்று. எட்டாம் லெவல் ட்ரூயிட் பத்துப் பகடை உருட்டுவார். காத்திருந்து காத்திருந்து ஒரே போடு. பின்னால் வந்தவர்கள் சின்ன இடி, அடிக்கடி இடி என்று பிரித்தபோதுதான் ஒன்றன் மேல் ஒன்று விழுவது அன்றாடப் பிரச்சினை ஆனது.

ஒரு கோளத்துக்குள் மூன்று பதில்

ஸ்டார்ம் ஸ்பியர் நான்காம் நிலை மந்திரம். இருபதடி ஆரமுள்ள சுழற்காற்றுக் கோளம். உள்ளே முறையை முடிக்கிறவர்கள் வலுவைக் காட்டி நிற்காவிட்டால் 2டி6 அடி. உள்ளே நடப்பது கடினம். போட்டவர் ஒவ்வொரு சுற்றும் கூடுதல் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனால் நடுவிலிருந்து ஒரு மின்னலை ஏவலாம், 4டி6. எதிரி கோளத்துக்குள் இருந்தால் தாக்கும் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு பேர் இரண்டு கோளங்களை ஒரே இடத்தில் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடப்பது இரட்டிப்புக் கடினம் ஆகாது. ஓரிடம் எத்தனை காரணத்தால் கடினமானாலும் ஒரு கடினம்தான் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. சுழற்காற்றின் 2டி6? அதை யாரும் ஏவவில்லை. கோளம் அங்கே நிற்பதாலேயே நடக்கிறது. ஒரே பெயர், காலமும் ஒன்றன் மேல் ஒன்று. வலுவானது ஒன்று மட்டும்தான். மின்னல்கள்? ஒவ்வொருவரும் தன் போனஸ் ஆக்‌ஷனைச் செலவழித்து, தனியாகப் பகடை உருட்டித் தாக்குகிறார்கள். இரண்டும் விழும்.

இந்தக் கோளத்தை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. அந்த அடிக்கு அந்தச் சுற்றில் யாராவது ஏதாவது செலவழித்தார்களா என்று பார்க்கிறேன். ஆக்‌ஷனோ போனஸ் ஆக்‌ஷனோ ஸ்லாட்டோ கொடுத்து வாங்கிய அடி என்றால் விழட்டும். சும்மா நிற்பதால் தானாக வருகிற அடி, வருகிற தடை என்றால் ஒன்றோடு நிறுத்து. புத்தகத்தில் இப்படி எழுதவில்லை. "ஒரே பெயர், காலம்" என்றுதான் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த வரையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்துக்கு வந்து சேருகின்றன. விட்ச் போல்ட்டையே எடுங்கள். எதிரிக்கும் உங்களுக்கும் நடுவே மின்னல் கயிறு கட்டிய மாதிரி நீடிக்கும் மந்திரம். பெயரை மட்டும் பார்த்தால் இரண்டு பேர் ஒருவன் மேல் கட்டக் கூடாது. ஆனால் 2014 விதியில் ஒவ்வொரு 1டி12க்கும் ஒரு முழு ஆக்‌ஷன் கொடுக்க வேண்டும். சராசரி 6.5க்கு ஆக்‌ஷன் கொடுப்பதே நஷ்டக் கணக்கு. அதில் பாதியைப் பிடுங்க எனக்கு மனசு வராது. (2024இல் முதல் அடியை 2டி12 ஆக்கி, தொடர் அடியைப் போனஸ் ஆக்‌ஷனுக்கு மாற்றினார்கள். ரொம்ப நாள் பாக்கி.)

எதிரியும் மந்திரவாதி என்றால் கூட்டல் கழித்தல் மாறும். அடிபட்டால் அவர் கான்சன்ட்ரேஷனைக் காக்க ஒரு சேவ் உருட்ட வேண்டும். இலக்கு 10 அல்லது அடியில் பாதி, எது பெரிதோ அது. ஒவ்வோர் அடிக்கும் தனி சேவ். இருபது முகப் பகடையில் வருவதோடு அவருக்கு 3 கூடுதல் என்று கொள்வோம். 20 அடி ஒரே இடியாக விழுந்தால் இலக்கு 10, தப்பிக்க 70 சதவீத வாய்ப்பு. அதே 20ஐ பத்து பத்தாக இரண்டு இடியாக இறக்கினால் இரண்டு முறை 10ஐ எட்ட வேண்டும். வாய்ப்பு 49க்கு விழுகிறது. பிரித்து அடிப்பது லாபம். ஆனால் 33 அடி ஒரே இடியாக விழுந்தால் இலக்கு 16, வாய்ப்பு 40தான். அதை 16, 17 என்று பிரித்தால் மறுபடி 49. இங்கே சேர்த்து அடிப்பதுதான் லாபம். இரண்டு ட்ரூயிட்கள் இருப்பது சின்ன அடிக்காரர்களுக்கு வரம். பெரிய அடிக்காரர்களுக்கு அது அவ்வளவு அவசியமில்லை.

கவசத்தின் மேல் கவசம்

அடி ஒன்றன் மேல் ஒன்று விழுவது போலவே காப்பும் ஒன்றன் மேல் ஒன்று வரும். ஐந்தாம் பதிப்பில் மின்னலுக்கு ரெசிஸ்டன்ஸ் இருந்தால் அடி பாதி. மருந்து குடித்து ஒரு ரெசிஸ்டன்ஸ், அடிபடும் கணத்தில் செய்யும் ரியாக்‌ஷனில் அப்சார்ப் எலிமென்ட்ஸ் போட்டு இன்னொன்று என்றால் கால் பங்கு ஆகுமா? ஆகாது. எத்தனை இருந்தாலும் ஒன்றாகவே எண்ண வேண்டும். ஆனால் சேவில் தேறியதால் வரும் பாதி வேறு கணக்கு. லைட்னிங் போல்ட்டின் 28, சேவில் 14 ஆகி, ரெசிஸ்டன்ஸில் 7 ஆகும். 2014 புத்தகத்தின் வயதுவந்த நீல டிராகன் மூச்சு விட்டால் சராசரி 66. இரண்டும் கைகொடுத்தால் 16. பொழைப்பு ஓடும்.

பாதியும் இரட்டிப்பும் ஒருவருக்கே இருந்தால் முதலில் பாதி, பிறகு இரட்டிப்பு. 27 அடி 13 ஆகி 26 ஆகும். ஒரு புள்ளி காற்றில் போகிறது, யாரும் கவலைப்படுவதில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த எழுத்து மூன்றரைப் பதிப்பில் இருக்கிறது. அங்கே இரண்டு காப்பு மந்திரங்கள். ரெசிஸ்ட் எனர்ஜி ஒவ்வோர் அடியிலும் ஒரு தொகையைக் கழிக்கும்: முதலில் 10, ஏழாம் லெவலில் 20, பதினொன்றில் 30. புரொடெக்‌ஷன் ஃப்ரம் எனர்ஜி ஒரு தொட்டி மாதிரி. லெவலுக்கு 12 புள்ளி, அதிகபட்சம் 120, தீரும்வரை எல்லாவற்றையும் விழுங்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால்? தொட்டி தீரும்வரை அதுவே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும், கழிவு அதன் பிறகுதான் என்று மந்திர விளக்கத்திலேயே எழுதிவைத்தார்கள்.

ஏழாம் லெவல் கிளெரிக் ஒருவரின் தொட்டி 84, கழிவு 20. ஒவ்வொன்றும் 42 அடியாக மூன்று மின்னல் வருகிறது. முதல் இரண்டும் தொட்டியில் போய் 84ம் தீர்ந்தது. மூன்றாவதில் 20 கழிந்து 22 உடம்பில் இறங்குகிறது. கழிவை முதலில் செய்ய விட்டிருந்தால் ஒவ்வொன்றும் 22 ஆகி மூன்றும் சேர்ந்து 66. தொட்டியில் 18 மிச்சம் இருந்திருக்கும், உடம்பில் ஒரு கீறல் இல்லை. கழிவும் தொட்டியும் ஒன்றையொன்று காப்பாற்றிக்கொண்டால் மின்சாரம் என்பதே அர்த்தமில்லாமல் போகும் என்று யாரோ கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தொட்டி தீர்கிற அதே அடியில் வழிந்த மிச்சத்துக்குக் கழிவு உண்டா என்பதில் மட்டும் மேசைக்கு மேசை பேச்சு மாறும். நான் உண்டு என்பேன்.

இதே மாதிரி இன்னொரு மேசை விளையாட்டான பாத்ஃபைண்டரின் 2019 இரண்டாம் பதிப்பில் தொடர்ந்து ஷாக் அடிக்கும் நிலை ஒன்று உண்டு, ஒவ்வொரு முறை முடிவிலும் அடிக்கும். 1டி6 மின்சாரம் ஏற்கெனவே இருக்க 2டி6 மின்சாரம் வந்தால் பெரியது மட்டும்தான். கூடவே தீ பிடித்திருந்தால் அது வேறு வகை, இரண்டும் ஓடும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்பிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான்.

தன் மேலேயே விழும் மின்னல்

இரண்டு மந்திரம் வேண்டாம், ஒரே மந்திரம் தன் மேலேயே விழுந்த காலமும் இருந்தது. பழைய லைட்னிங் போல்ட் சுவரில் பட்டால் திரும்பி வரும். முதல் பதிப்பில் கல் சுவர் குறுக்கிட்டால் மிச்ச நீளம் போட்டவரை நோக்கியே திரும்பும். சின்ன அறையில் ஆர்வக்கோளாறில் போட்டு, தானே வறுபட்ட விசார்ட்களின் கதை ஒவ்வொரு பழைய குழுவிலும் உண்டு. 1989இன் இரண்டாம் பதிப்பு இதை டிஎம் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்றாக்கியது. கண்ணாடியில் ஒளி திரும்புகிற கோணத்திலேயே திரும்பும் என்று வேறு சேர்த்தது. போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என ஒருவனை இரண்டு தடவை கடந்தால்? ஒவ்வொரு கடப்புக்கும் சேவ் உருட்ட வேண்டும், ஆனால் அடி ஒரே முறைதான். எல்லா சேவும் தேறினால் பாதி, ஒன்று தவறினாலும் முழுசு.

அடி கூடாது, தப்பிக்கும் வாய்ப்பு குறையும். எத்தனை அழகான நடுவழி! இன்றைய புத்தகங்களில் இந்த மாதிரி தீர்வே இல்லை. இப்போது வரி நேராகப் போகும், சுவரில் நிற்கும். செயின் லைட்னிங் ஒருவனை அடித்து இன்னும் மூன்று பேரிடம் தாவும். ஒருவரை ஒரு கிளைதான் தொடலாம் என்று முன்கூட்டியே கதவைச் சாத்தியிருக்கிறார்கள். ஒன்பதாம் நிலை ஸ்டார்ம் ஆஃப் வெஞ்சன்ஸில் ஆறு மின்னல் இறங்கும், ஒருவன் மேல் ஒன்றுக்கு மேல் கூடாது என்று அங்கேயும் அதே வரி. ஆறு 10டி6ஐயும் ஒரு டிராகன் தலையில் இறக்கினால் சராசரி 210. அந்த வரி இல்லாவிட்டால் ஒன்பதாம் நிலையில் வேறு மந்திரத்தையே யாரும் தொடமாட்டார்கள்.

எங்கள் ட்ரூயிட்களுக்குத் திரும்ப வருகிறேன். அடுத்த வாரமே தீர்ப்பைத் திருத்திச் சொன்னேன். இரண்டு இடியும் விழும், கூடுதல் பகடை கிடையாது. இருவருக்கும் திருப்திதான். அதன் பிறகு எதைப் பார்த்தாலும் இரட்டை இடி. கோப்லின், ஓநாய், பாலத்துக்கடியில் ட்ரோல், எல்லாவற்றுக்கும் அதே மருந்து. சரி, பார்ப்போம் என்று ஒரு நாள் சதுப்பு நிலத்தில் ஷாம்ப்ளிங் மவுண்ட் ஒன்றை வைத்தேன். அழுகிய கொடியும் சேறுமாக நடமாடுகிற குப்பைமேடு. 2014 புத்தகப்படி அதற்கு மின்னல் அடி இறங்காது. எவ்வளவு அடியோ அவ்வளவு காயம் ஆறும். அவர்களுக்கு இது தெரியாது.

கத்திக்காரர்கள் சேர்ந்து அதைப் பாதி உயிருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முதல் ட்ரூயிட் இடி இறக்கினான், 19. குப்பைமேடு நிமிர்ந்து நின்று பச்சையாகத் துளிர்த்தது என்று சொன்னேன். மேசையில் யாரும் பேசவில்லை. இரண்டாமவன் அதற்குள் பகடையை உருட்டிவிட்டிருந்தான், 22. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டான்:

"அண்ணா, ஒரே ஸ்பெல் ரெண்டு தடவை சேராதுன்னு சொன்னாங்கல்ல?"